குழிக்கு ஊற்றிய இரண்டு குடம்

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்கள் பைகளை நான் பார்த்திருக்கிறேன். எர்த் பார்க்க ஒரு மீட்டர், ஒயரின் உறை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு மீட்டர், கைக்கு ரப்பர் உறை. சந்தோஷம். எங்கள் காலத்தில் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் வேலை செய்த முக்கால்வாசிப் பேரிடம் இருந்தது டெஸ்ட் லாம்ப் மட்டும்தான். ஒரு ஹோல்டர், அதில் ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். ஒரு முனையைக் கரண்ட் வரும் இடத்திலும் மறுமுனையை எர்த் கம்பியிலும் வைப்போம். பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, மங்கினால் சரியில்லை. அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

இன்று அப்படிச் செய்யாதீர்கள். ஏன் என்று கதையிலேயே வரும். மீட்டர் கையில் இருக்கிறதே, நமக்கு இது எதற்கு என்று எழுந்து போய்விடவும் வேண்டாம். மீட்டரையும் ஏமாற்றலாம். நல்ல மனதோடு, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், வீட்டுக்காரர்களே ஏமாற்றிவிடுவார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நசரத்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வயர்மேன் இருந்தார். பெயர் வேண்டாம். கைவேலை சுத்தம், பேச்சும் சுத்தம். அவர் ஒரு வீட்டில் புதிதாகப் பவர் பிளக் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து அந்த வீட்டம்மா, இரும்பு வாளியில் ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் காய வைத்தபோது, வாளியைப் பிடித்த கையோடு இறந்து கிடந்தார். செய்தி கேட்டு நானும் போனேன். உறவுக்காரர்கள் வயர்மேனைச் சுற்றி நின்று, எர்த் பார்த்தாயா இல்லையா என்று கேட்டார்கள். பார்த்தேன், லாம்ப் நன்றாக எரிந்தது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அவர்கள் வேறு ஆளை வைத்து அங்கேயே பார்த்தார்கள். பல்பு எரியவே இல்லை. எர்த் செத்துக் கிடந்தது.

அன்றைக்கு அவர் வாங்கிய அடியை நான் விவரிக்கப் போவதில்லை. ஊரே அவரைப் பொய்யன் என்றது. பொய் சொல்லுகிற ஆள் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த எர்த்தில் எப்படி பல்பு எரிந்திருக்கும் என்பது எனக்கும் விளங்கவில்லை. அது பல காலம் முள்ளாக உள்ளே கிடந்தது.

அதற்கப்புறம் மேனாம்பேட்டில் ஒரு வேலை வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். மழை பொய்த்த வருஷம். கிணறுகள் வற்றி, தெருவுக்குத் தெரு தண்ணீர் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்ற கோடை. வேலைக்குக் கூப்பிட்டவர் ஏகாம்பரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். அவர் மனைவி சரோஜா. மூத்த மகள் மல்லிகாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வீசிங் உண்டு. விறகுப் புகை ஆகவே ஆகாது. ரேஷன் மண்ணெண்ணெய் சமையலுக்கே பத்தாது. அதனால் ராடு போட்டு வெந்நீர் வைக்க, குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பவர் பிளக் வேண்டும். ராடும் புதுசு, வாளியும் புதுசு, இரண்டும் கூடத்தில் பொட்டு வைத்துத் தயாராக இருந்தன.

வாளியைப் பார்த்ததும் எனக்கு நசரத்பேட்டை ஞாபகம் வந்துவிட்டது. ஒயர் இழுப்பதற்கு முன்னாலேயே எர்த் பார்த்துவிடுவோம் என்று லாம்பை எடுத்தேன்.

எர்த் என்றால் இன்னதென்று வீட்டுக்காரர்களுக்கு நான் எப்படிச் சொல்வேன் தெரியுமா? கரண்ட் வழி தவறி இரும்பில் இறங்கிவிட்டால் அது மண்ணுக்குப் போக ஒரு சொந்த வழி வேண்டும். அந்த வழி திறந்திருந்தால் ஃபியூஸ் போய், கரண்ட் அங்கேயே நின்றுவிடும். அந்த வழி அடைத்திருந்தால் அது உங்கள் உடம்பு வழியாகப் போகும். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவது அந்த வழிக்காகத்தான். குழியில் ஈரம் இருக்கிற வரைக்கும்தான் அது வழி. காய்ந்துவிட்டால் அது வெறும் பைப்.

லாம்ப் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்தக் கோடையில் அப்படி எரிந்த எர்த்தை நான் பார்த்ததே இல்லை. வேலை செய்தவர் நல்ல கைக்காரர் போல என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

சரோஜாம்மா தம்ளரில் பாதிதான் கொண்டுவந்தார். கொடுக்கும்போதே முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நெனச்சிக்காதீங்க பாய். லாரி வந்து ரொம்ப நாளாச்சு. கீறத வச்சி ஓட்டினு கீறோம்" என்றார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. என் வீட்டிலும் அதே கதைதான். குடித்துவிட்டு, தம்ளரைப் பின்பக்கம் தேய்க்கிற கல்லில் வைக்கப் போனேன். அங்கிருந்து சற்றுத் தள்ளி எர்த் குழி. சுற்றிலும் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, குழிக்கு மேல் மண் மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். விருந்தாளிக்குப் பாதித் தம்ளர் தண்ணீர் கொடுக்கிற வீட்டில், மண்ணுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான்தான் பாய். காலையில ரெண்டு கொடம் ஊத்தினேன். கரண்டு டெஸ்ட் பண்ண ஆளு வந்தா மொதல்ல குழிக்கு ஊத்தணும்னு வயரிங் செஞ்ச அண்ணன் அப்பவே சொல்லிட்டுப் போச்சு. நீங்க வர்றீங்கன்னு நேத்தே சொல்ட்டாரே, அதான். நான் இன்னிக்குத் தலைக்கு ஊத்திக்காம அந்தத் தண்ணியதான் ஊத்தினேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. முறைப்படி செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்துவிட்ட பெருமை. நசரத்பேட்டைப் பல்பு எப்படி எரிந்தது என்று அந்த நொடியில் விளங்கிவிட்டது.

தம்பிகளே, இந்தப் பழக்கம் கெட்ட இடத்தில் பிறந்ததல்ல. மழை இல்லாத நாளில் குழிக்கு வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எங்களுக்கு முந்திய ஆட்கள் சொல்லிவைத்தார்கள். அது சரியான சொல். வாய் மாறி வாய் மாறி வந்ததில், வாரம் தவறாமல் என்பது உதிர்ந்துபோய், ஆள் வரும்போது ஊற்று என்பது மட்டும் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் மட்டும் வீடு கூட்டுகிற மாதிரி. சொன்ன வயர்மேனும் கெட்டவன் இல்லை, ஊற்றிய அம்மாளும் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த இரண்டு குடம் நாலு நாளில் காய்ந்துவிடும். பிளக் அப்படியே இருக்கும். வாளி இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி நிற்பாள்.

இன்றைக்கு லைன் கொடுக்க மாட்டேன், குழி காய்ந்த பிறகு வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று சரோஜாம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஷிஃப்ட் முடிந்து ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சம்பந்தி வீட்டில் எல்லா வசதியும் செய்துவிட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் மனிதர்.

"பல்பு எரிஞ்சுதா, இல்லியா? அத்தச் சொல்லு பாய்."

"எரிஞ்சுது."

"அப்பறம் இன்னா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். கண்ணெதிரே எரிந்த விளக்கை நம்பாதே என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம்தான் ஏறியது. கடைசியில், இந்தத் தெரு முனையிலேயே வேறு ஆள் இருக்கிறான், ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவான், நீ கிளம்பு என்றார்.

எங்கள் தொழிலில் இந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நம்ம கை படலப்பா என்று வந்துவிடுவோம். கை படாத வேலைக்கு நாம் பொறுப்பில்லை. பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் செய்தார்கள், அதை மானம் என்றும் சொல்லிக்கொண்டார்கள். நானும் பையை எடுத்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்தும் விட்டேன். வாசலில் செருப்பைத் தேடும்போது கூடத்திலிருந்த அந்த வாளி மறுபடியும் கண்ணில் பட்டது. நான் போனால் அடுத்தவன் வருவான். அவனும் லாம்ப் வைப்பான். அவனுக்கும் பளிச்சென்று எரியும். அவனும் யோக்கியமாகத்தான் லைன் கொடுப்பான். நாளைக்கு அவனையும் சுற்றி நின்று அடிப்பார்கள். என் கை சுத்தமாக இருந்து யாருக்கு என்ன லாபம்? அந்தப் பெண் செத்தால் செத்ததுதானே.

செருப்பை விட்டுவிட்டுத் திரும்பினேன். இவருடைய குழி காய்கிற வரை காத்திருக்க நேரமில்லை. காய்ந்த குழி ஒன்றை இப்போதே காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்கு வயரிங் செய்தது யார் என்று கேட்டேன். இந்த வரிசை முழுக்க அதே அண்ணன்தான் என்றார் சரோஜாம்மா. அங்கே யாரும் டெஸ்டுக்கு வரவில்லை, அதனால் யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கவும் மாட்டார்கள். ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாத்தே, அஞ்சு நிமிஷம் எங்கூட வா. பாத்துட்டு அப்பறம் உன் இஷ்டம். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். அவர் கையை உதறினார், ஆனால் வந்தார்.

பக்கத்து வீட்டில் கன்னியம்மா என்று ஒருவர். கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டி விற்கிறவர். நல்லவேளை, அப்போதுதான் ஆட்டி முடித்து, சுவிட்சை அணைத்துவிட்டுக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். பிளக் சொருகியபடியே இருந்தது. இதோ முடிந்துவிடும் என்று அவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். வீட்டில் யாரும் எந்த இரும்பையும் தொடக்கூடாது என்று குரல் கொடுத்து, எல்லோரையும் வாசலுக்கு அனுப்பினேன். லாம்ப் டெஸ்டை நீங்கள் செய்யாதீர்கள் என்று முதலில் சொன்னேனே, காரணம் இதுதான். எர்த் செத்திருந்தால், லாம்ப் வழியாகப் போகிற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், எர்த் கம்பி தொட்டிருக்கிற எல்லா இரும்பிலும் ஏறி நின்றுவிடும்.

லாம்ப் வைத்தேன். பல்பு எரியவில்லை. உள்ளே கம்பி மட்டும் பீடி நுனி போல லேசாகச் சிவந்தது. ஏகாம்பரத்தைக் கிட்டே கூப்பிட்டு, லாம்பின் ஒயர்களைப் பக்கத்து பிளக் ஓட்டையிலேயே விட்டுவிட்டு, டெஸ்டரைக் கிரைண்டரின் உடம்பில் வைத்தேன். டெஸ்டர் எரிந்தது. சுவிட்ச் அணைந்திருக்கிறது, கிரைண்டர் ஓடவில்லை, உடம்பு முழுக்கக் கரண்ட். அவரும் லேத்தில் வேலை செய்கிற மனிதர். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லாம்பை எடுத்தேன். கன்னியம்மா வாசலிலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"மாவு தள்றப்ப கையில ஜிவ்வுனு இருக்கும் பாய். ஈரக் கைக்கு அப்டித்தான் இருக்கும்போலன்னு இருந்துட்டேன். அது இதுவா?"

இதுதான், கிரைண்டரில் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் உங்கள் கையில் இறங்குகிறது என்றேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்து, நான் சொல்கிற வரைக்கும் சொருகாதீர்கள் என்றேன். ஏகாம்பரம் தன் வீட்டுக்குத் திரும்பிப் போய், கூடத்திலிருந்த வாளியையும் ராடையும் எடுத்துப் பரண் மேல் வைத்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மல்லிகா வந்துவிட்டாள். பவர் பிளக் இல்லை. கன்னியம்மா தன் வீட்டு வெளி அடுப்பில் வெந்நீர் வைத்து, புகை இந்தப் பக்கம் வராமல், தினமும் காலையில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரமும் கம்பெனி நண்பர்களும் சேர்ந்து இரண்டு வீட்டுக்கும் புதுக் குழி வெட்டினார்கள். ஆழமாக. அதுவும் பாத்திரம் தேய்க்கிற கல்லை ஒட்டி. அரிசி களைகிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் சின்ன வாய்க்காலாக நேரே குழிக்குப் போகிற மாதிரி செய்தேன். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் சோறு தின்கிற வீட்டில் அந்தத் தண்ணீர் இல்லாமல் போகாது. குழிக்கென்று யாரும் நினைத்து ஊற்ற வேண்டியதில்லை.

அதற்கப்புறம் நான் டெஸ்ட் பண்ணப் போன விதத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் போனேன். ஏகாம்பரம் எப்போ வர்றே என்று கேட்டு ஆள் அனுப்பியும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, ஒருநாள் மத்தியான வெயிலில் திடுதிப்பென்று போய் நின்றேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பவர் லைனுக்கு உரிய ஃபியூஸ் கம்பியை என் கையால் போட்டு, அதன் மேல் வேறு கம்பி முறுக்கினால் கையை முறிப்பேன் என்று சொல்லி லைன் கொடுத்தேன். அன்றிலிருந்து தொழிலை விடுகிற வரைக்கும் நான் எந்த வீட்டுக்கும் தேதி சொல்லி எர்த் பார்க்கப் போனதில்லை. நீங்களும் போகாதீர்கள். உங்கள் மீட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி.

நசரத்பேட்டைக்கும் போனேன். அந்த வயர்மேன் தொழிலை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, மேனாம்பேட்டில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். உன் லாம்ப் எரிந்தது உண்மைதான், நீ பொய் சொல்லவில்லை என்று எனக்கு இப்போது தெரியும் என்றேன். அவர் தொட்டித் தண்ணீரில் டியூபை அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாதான் பாய் ஊத்துச்சு" என்றார். "நான் போனதுமே கொடத்த இடுப்புல வச்சினு வந்து ஊத்துச்சு. நான் பாத்துகினுதான் இருந்தேன். செடிக்கு ஊத்துதுன்னு நெனச்சேன்."

தொழிலுக்குத் திரும்பி வா என்று கூப்பிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். கூப்பிட வாய் வரவில்லை. டீ சொன்னார், குடித்துவிட்டு வந்தேன்.

மேனாம்பேட்டு வேலையை நான் மறந்தே போயிருந்தேன். மழைக்காலம் வந்து போன பிறகு, ஏகாம்பரம் வீட்டில் பவர் பிளக் வேலை செய்யவில்லை, உடனே வரச் சொன்னார்கள் என்று ஆள் வந்தது. போனேன். வாசலிலேயே மல்லிகா நின்றாள். இடுப்பில் குழந்தை. அம்மா மாதிரி முகம், அப்பா மாதிரி கோபம்.

"இன்னா பாய் லைன் போட்டீங்க? இவனுக்குக் குளிக்க ஊத்தத் தண்ணி காய வச்சிகினு இருந்தேன். டப்புனு பீஸு போயிடுச்சு. மறுபடி போட்டா மறுபடி போவுது. அவ்ளோ தடபுடலா குழி வெட்டினு, ஒரு வருசம் கூட தாங்கலியே" என்றாள்.

உள்ளே போய் ராடைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வளைவில் குழாய் மயிரிழையாக வெடித்திருந்தது. தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய கரண்ட் வெளியே வந்து, அதே வாளியில் இறங்கியிருக்கிறது. குழி ஈரமாக இருந்ததால் அது மண்ணுக்குப் போய், ஃபியூஸ் போயிருக்கிறது. சரோஜாம்மா என் பக்கத்தில் வந்து நின்று அந்த வெடிப்பைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

பீஸு போகும்போது உன் கை எங்கே இருந்தது என்று மல்லிகாவைக் கேட்டேன்.

"தண்ணியிலதான். சூடு பதமா கீதான்னு வெரல வச்சேன். சுருக்குனுச்சு. கைய எடுக்கறதுக்குள்ள பீஸு போயிடுச்சு."

சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் விரல் வைப்பாயா என்று அவளைத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. பிறகு திட்டினேன், அது வேறு விஷயம். அப்போது முடியவில்லை. அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இந்தக் காலத்தில் யார்தான் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று தொடர்ந்தாள். அவள் திட்டி முடிக்கிற வரைக்கும் நான் ராடைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன்.